ஊழியத்துக்குப் புதியவரா? முதலில் எதன்மேல் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஊழியத்துக்கு வந்து சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுநேரமாக வந்திருக்கலாம், வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வுநாள் பாடசாலையோ வாலிபர் கூட்டமோ நடத்தலாம், எதுவானாலும் சரி. "கர்த்தரைச் சார்ந்து ஊழியம் செய்யுங்கள்" என்று உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். எப்படி என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் "ஜெபியுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு, எழுந்த நிமிடத்திலிருந்து ராத்திரி படுக்கும்வரை எல்லாவற்றையும் தன் தலையிலேயே சுமந்து திரிகிற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்கள் அது நான்தான்.

எனக்குப் புரிந்தவரை, ஒருவர் கர்த்தரைச் சார்ந்திருக்கிறாரா இல்லையா என்பது அவர் எதை முதலில் செய்கிறார், எதை அப்புறம் செய்கிறார் என்கிற வரிசையில் தெரிந்துவிடும். ஜெபத்தில் எவ்வளவு கண்ணீர் வந்தது, எவ்வளவு உருக்கம் இருந்தது என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறும், அதை வைத்து அளக்க முடியாது. ஆனால் ஒரு சிக்கல் வந்ததும் கை முதலில் எங்கே போகிறது என்பதை யாரும் அளந்துவிடலாம். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அந்த வரிசையை மாற்றுவது பற்றித்தான்.

முதல் வேலை: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். ஊழியத்தில் ஒரு பிரச்சினை, ஒரு அழைப்பு, ஒரு தீர்மானம் வரும்போதெல்லாம் அது என்ன என்று ஒரு வரி, நீங்கள் முதலில் செய்தது என்ன என்று ஒரு வரி. நண்பருக்குப் போன் செய்தீர்களா, மனதுக்குள் பதில் பேசிப் பார்த்தீர்களா, உடனே "சரி, நான் வருகிறேன்" என்று ஒத்துக்கொண்டீர்களா, ஜெபித்தீர்களா. உண்மையை எழுதுங்கள், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

நான் இதை முதன்முதலில் செய்தபோது எனக்குக் கிடைத்த அடியைச் சொல்கிறேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குச் சந்திப்புக்குப் போயிருந்தேன். மகன் சபைக்கு வருவதை நிறுத்தி, வீட்டோடும் பேச்சை விட்டுவிட்டான். அவனுடைய அம்மா அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு, "கவலைப்படாதீங்க அக்கா, நான் அவன்கிட்ட பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடியே மூன்று முறை போய்ப் பேசினேன், நன்றாகவே பேசியதாக எனக்கு நினைப்பு. மூன்றாவது முறைக்கு அப்புறம் அவன் என் போனை எடுக்கவே இல்லை. அந்த வாரம் நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய ஜெபக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். அவன் பெயர் ஒரு நாள்கூட அதில் இல்லை. அவனைப் பற்றி எத்தனையோ பேரிடம் ஆலோசனை கேட்டிருந்தேன், கர்த்தரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அக்காவிடம் நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள், "நான்" எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஒரு வாரம் எழுதியபின் வேறு சில அடையாளங்களையும் தேடுங்கள். கூட்டம் முடிந்த ராத்திரி நீங்கள் பேசியதையே மனதில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துத் தூங்காமல் கிடக்கிறீர்களா? கூட ஊழியம் செய்கிறவரின் செய்தியை எல்லோரும் பாராட்டும்போது உள்ளே எங்கோ சுருக்கென்கிறதா? ஒரு வாரம் நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று தோன்றுகிறதா? நீங்கள் கர்த்தரிடம் பேசுவதெல்லாம் ஊழிய சம்பந்தமானதாகவே இருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஊழியத்தில் இருக்கிற யாருக்கும் இருக்கும்.

காலையில் எதை முதலில்?

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நடைமுறையான ஆலோசனை, பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்காக இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் எழுதியதுதான். 1841-ல் அவர் தன் காலைப் பழக்கத்தை மாற்றியதைப் பற்றி எழுதினார். அதுவரை எழுந்தவுடன் நேரே ஜெபத்துக்குப் போவாராம், கால் மணி, அரை மணி என்று மனம் அலைந்துகொண்டிருக்குமாம், அப்புறம்தான் உண்மையில் ஜெபிக்க ஆரம்பிப்பாராம். பிறகு வரிசையை மாற்றி, முதலில் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து மெதுவாகத் தியானித்தார், ஜெபம் அதிலிருந்தே கிளம்பியது. அவர் சொன்ன இன்னொரு விஷயம் புதியவர்களுக்கு ரொம்ப முக்கியம்: அந்த வாசிப்பு பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுப்பதற்காக இல்லை, தன் ஆத்துமாவுக்கு ஆகாரம் தேடித்தான்.

நாம் இதில்தான் வழுக்குகிறோம். வேதத்தைத் திறந்ததும் "இதை ஞாயிற்றுக்கிழமை சொல்லலாமே" என்று ஓடுகிற புத்தி ஊழியக்காரர்களுக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு வியாதி. அதற்கு என் மருந்து, காலையில் வாசிக்கிற புத்தகம் வேறு, அந்த வாரம் பேசப்போகிற புத்தகம் வேறு. நீங்கள் ரோமர் நிருபத்திலிருந்து பேசுகிறீர்கள் என்றால் காலையில் சங்கீதத்தில் இருங்கள்.

அதோடு, போனைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மாற்கு 1-ம் அதிகாரத்தில் இயேசு "அதிகாலையில், இருட்டோடே" எழுந்து தனியே போய் ஜெபித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சீஷர்கள் தேடிப் பிடித்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். முந்தின சாயங்காலம்தான் ஊரே வாசலில் கூடியிருந்தது, நல்ல ஊழியம், நல்ல கூட்டம். அவர் அங்கே திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். பிதாவிடம் பேசிவிட்டு வந்ததால் கூட்டத்துக்கு "இல்லை" என்று சொல்ல முடிந்தது. நாம் அந்த "எல்லாரும் தேடுகிறார்கள்" என்ற செய்தியைப் படுக்கையிலேயே போனில் பார்த்துவிட்டு அப்புறம் ஜெபிக்கப் போகிறோம், அதற்குள் நாள் தீர்மானமாகிவிடுகிறது.

திட்டம் போடுவதற்கு முன் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் (நானும்தான்) முழுத் திட்டத்தையும் போட்டு முடித்து, நோட்டீஸும் அடித்துவிட்டு, கடைசியில் "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்கிறோம்.

யோசுவா 9-ல் கிபியோனியர் தூர தேசத்தார் என்று சொல்லி உடன்படிக்கை கேட்டு, பழைய சாக்குகளோடும் கிழிந்த துருத்திகளோடும் பூசணம் பூத்த அப்பத்தோடும் வந்தார்கள். இஸ்ரவேல் தலைவர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை, அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், சாட்சியங்கள் எல்லாம் பொருந்தின. ஒன்றை மட்டும் விட்டார்கள், கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. மூன்றே நாளில் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது, ஆனால் ஆணையிட்டாகிவிட்டது. சுயபுத்தி என்றால் முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாக யோசித்து ஆராய்ந்து எடுத்த முடிவும் சுயபுத்தியாக இருக்க முடியும்.

இன்னொரு இடம் 2 சாமுவேல் 5. பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து பரவியபோது தாவீது கர்த்தரிடம் கேட்டான், போ என்றார், போய் ஜெயித்தான். அதே எதிரி அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி வந்தான். நானாக இருந்தால் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டேன், போன தடவை சொன்னதுதானே என்று கிளம்பியிருப்பேன். தாவீது திரும்பவும் கேட்டான். இந்த முறை பதில் வேறு: நேராய்ப் போகாதே, பின்னாலே சுற்றிப் போய் முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரே நில். போன வருடம் நடந்த முகாமின் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி இந்த வருடமும் நடத்துகிறவர்கள் இந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு நடத்தலாம்.

சரி, கேட்பது என்றால் நடைமுறையில் என்ன? நான் செய்வதைச் சொல்கிறேன். கேள்வியைத் தேதியோடு ஒரே வாக்கியமாக எழுதுகிறேன். "இந்த ஊழியத்தைப் பற்றி என்ன?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வந்தாலும் தெரியாது, "இந்த மாதம் புதிதாக இந்த வீட்டுக் கூட்டத்தைத் தொடங்கலாமா வேண்டாமா" என்று எழுத வேண்டும். எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன், ஏனென்றால் சில காரியங்களுக்குச் சாயங்காலமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேதத்துக்கு விரோதமாக ஏதாவது அதில் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், பதில் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. அப்புறம், எனக்குப் பிடிக்காததைச் சொல்லக்கூடிய இரண்டு மூத்தவர்களிடம் போகிறேன். நாம் எதைச் சொன்னாலும் ஆமென் போடுகிறவர்களிடம் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்று. கதவு அடைபடுவதும் பதில்தான், அப்போஸ்தலர் 16-ல் பவுல் ஆசியாவிலும் பேச முடியாமல், பித்தினியாவுக்கும் போக முடியாமல் துரோவா வரைக்கும் வந்த பின்தான் மக்கெதோனியா தரிசனம் வந்தது. அந்த இரண்டு தடைகளுக்கும் அங்கே காரணம் சொல்லப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று வாயைத் திறந்து சொல்வதற்குப் பல வருடங்கள் போகட்டும். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவரால் கேள்வி கேட்க முடியாமல் போகிறது, பாதி சமயம் அதற்காகத்தான் நாம் சொல்கிறோம். "ஜெபித்தேன், எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

கேட்டாகிவிட்டது, இனி வேலை செய்யுங்கள்

கர்த்தரைச் சார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆயத்தமில்லாமல் மேடை ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால் "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்" என்று வசனம் வரும். அது சங்கீதம் 81-ல் அந்நிய தேவர்களை நாடாதே, உன்னைப் போஷிக்கிறவர் நானே என்று கர்த்தர் இஸ்ரவேலிடம் பேசுகிற இடம், பிரசங்கத்துக்குப் படிக்காமல் வருவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. மத்தேயு 10-ல் என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்பதும் ஆலோசனைச் சங்கங்களிலும் அதிபதிகளுக்கு முன்பாகவும் இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொன்னது. உங்களை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தேதி கொடுத்து அழைத்தார்கள்.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் நிலையைக் கேட்டுக் கிஸ்லேயு மாதத்தில் உட்கார்ந்து அழுதவன், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் பேசுகிறான், கிட்டத்தட்ட நான்கு மாதம். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றதும் நின்ற இடத்திலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு ஜெபம், அடுத்த மூச்சில் எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், யாரிடமிருந்து மரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்கிறான். அந்த நான்கு மாதமும் ஜெபித்தவன் கணக்கும் போட்டிருக்கிறான். பிறகு எதிரிகள் மிரட்டியபோது ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார்கள், இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது (4:9). எருசலேமின் அலங்கம், அதாவது மதில், 52 நாளில் கட்டி முடிந்தது.

பவுல் இன்னும் நேரடியாகச் சொல்கிறார்: எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், "ஆகிலும் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்று. சோம்பேறி இந்த வசனத்தின் முதல் பாதியைச் சொல்ல முடியாது. நம்மைப் போல ஓடி ஓடி உழைக்கிறவர்களுக்கு இரண்டாம் பாதிதான் தொண்டையில் சிக்கும்.

செய்தி ஆயத்தத்தில் வரிசையை மாற்ற ஒரு சின்ன வழி சொல்கிறேன். விளக்கவுரையையும் மற்றவர்களின் பிரசங்க வீடியோக்களையும் திறப்பதற்கு முன், அந்தப் பகுதியைக் குறைந்தது பத்து முறை வாசியுங்கள். அப்புறம், அந்தக் கூட்டத்துக்கு வரப்போகிறவர்களில் உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேர் பெயரை எழுதி அவர்களுக்காக ஜெபியுங்கள். இந்த இரண்டாவதைச் செய்யத் தொடங்கியபின் என் செய்திகளில் பாதி வேடிக்கைக் கதைகள் தானாகவே உதிர்ந்துவிட்டன, ஏனென்றால் அந்த ஐந்து பேரில் ஒருவர் முந்தின வாரம் கணவரை அடக்கம் செய்தவர்.

பணம்

இதைப் பற்றி யாரும் புதியவர்களிடம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. விசுவாச ஊழியம் என்று சொல்லிக்கொண்டே, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாடகை பாக்கியை நூறு பேருக்கு அனுப்புகிறோம், "ஆண்டவர் யாரையாவது ஏவுவார்" என்று யார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறோம். தேவை இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்வதில் தவறே இல்லை, பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் கொரிந்து சபையிடம் வெளிப்படையாகவே கேட்டார். கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வதுதான் நாற்றம்.

முல்லர் 1830-லேயே சபையிலிருந்து வந்த நிலையான சம்பளத்தை விட்டவர், 1836-ல் முதல் இல்லத்தைத் திறந்தவர், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்தவர், அவருடைய நாளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். அவர் வந்த காணிக்கைகளையும் செலவுகளையும் விலாவாரியாகக் கணக்கு எழுதி வருடாந்தர அறிக்கையாக வெளியிட்டதை யாரும் சொல்வதில்லை. 1841 டிசம்பரில் கையில் பணம் மிகவும் குறைந்திருந்தபோது, அறிக்கையை வெளியிட்டால் மறைமுகமாகக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று அதற்கான பொதுக்கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளியே வைத்தார். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, ஆனால் படிக்கும்போதெல்லாம் குத்துகிறது.

எல்லோரும் முல்லராக வேண்டியதில்லை. பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தார், பிலிப்பியரிடமிருந்து பணமும் பெற்றுக்கொண்டார், இரண்டையும் வெட்கமில்லாமல் சொன்னார். நீங்கள் சம்பளம் வாங்கினாலும் வேலைக்குப் போனாலும் அது விசுவாசக் குறைவு ஆகாது. புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஊழியப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். உங்களைத் தவிர இன்னொருவர் கணக்கைப் பார்க்கட்டும், பவுல் தர்மப் பணத்தோடு சகோதரர்களைச் சேர்த்தே அனுப்பினார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க. கடன் வாங்கிக் கூட்டம் நடத்திவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சுமையைக் கையிலிருந்து இறக்குங்கள்

காலைமுதல் சாயங்காலம்வரை மோசே ஒருவனாக உட்கார்ந்து நியாயம் தீர்த்ததைப் பார்த்த அவன் மாமன் எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றான். ஜனங்களும் என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் நானே செய்தால் நான் மட்டும் களைத்துப்போகிறேன் என்று நினைத்தேன், காத்திருக்கிற அவர்களும்தான் களைத்துப்போகிறார்கள்.

இந்த மாதமே ஒரு பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் உங்களைவிடச் சுமாராகத்தான் செய்வார். அதைச் சரி செய்யக் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதுதான் உங்களுக்கான பயிற்சி.

தூக்கமும் இதில்தான் வரும். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தூதன் உபதேசம் செய்யவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "நான் ஒருவன்மாத்திரம்" என்கிற புலம்பலுக்கு ஏழாயிரம் பேர் என்கிற பதில் வந்தது பிறகுதான். நான் தூங்கும்போதும் சபையைக் கர்த்தர் நடத்துகிறார் என்று வாயால் சொல்வதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஊழிய வேலை எதையும் தொடாதிருங்கள். முதல் சில வாரம் கை நடுங்கும்.

நன்றாக நடந்துவிட்டால்தான் ஆபத்து

தோல்வி நம்மைக் கர்த்தரிடம் விரட்டிவிடும். வெற்றி அப்படிச் செய்யாது. உசியா ராஜாவைப் பற்றி, ஆச்சரியமாய் ஒத்தாசை பெற்றுப் பலப்பட்டபின் அவன் மனம் மேட்டிமையானது என்று 2 நாளாகமம் 26 சொல்கிறது.

என்னை மிகவும் பயமுறுத்துகிற பகுதி எண்ணாகமம் 20. முன்பு யாத்திராகமம் 17-ல் தண்ணீருக்காகக் கன்மலையை அடி என்று கர்த்தர் சொன்னார், மோசே அடித்தான், தண்ணீர் வந்தது. வருடங்கள் கழித்து அதே மாதிரி தாகம், அதே மாதிரி முறுமுறுப்பு. இந்த முறை கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். மோசே கோபத்தில் "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்று கேட்டுவிட்டு இரண்டு தரம் அடித்தான். தண்ணீர் வந்ததா? ஏராளமாய் வந்தது! சபையும் மிருகங்களும் குடித்தன. ஜனங்கள் கண்ணுக்கு அது ஒரு வெற்றிகரமான கூட்டம். கர்த்தரோ, நீங்கள் என்னை விசுவாசியாமற்போனீர்கள் என்றார், கானானுக்குள் போகும் வாசல் அங்கே அடைபட்டது.

தண்ணீர் வந்தது என்பதால் நான் செய்த விதம் சரி என்று ஆகாது. தாகமாய் இருந்த ஜனங்கள்மேல் இரங்கி அவர் தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான். நான் ஜெபிக்காமல், பழைய செய்தியை எடுத்துக்கொண்டு, மனதில் ஒருவர்மேல் கோபத்தோடு மேடை ஏறிப் பேசிய ஒரு நாள், அழுதுகொண்டே முன்னால் வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம். அந்த ராத்திரி நான் என்னைச் சோதித்துப் பார்க்கவில்லை. "ஆண்டவர் பயன்படுத்துகிறார்" என்று சந்தோஷமாகத் தூங்கினேன். அதே முறையில் இன்னும் பல மாதங்கள் ஓட்டினேன் என்பதுதான் கேவலம்.

அதனால் நல்ல கூட்டம் முடிந்தபின் மூன்று காரியம். பாராட்டுகிறவரிடம் "எல்லாம் கர்த்தர்தான், நான் ஒன்றுமில்லை" என்று நீட்டி முழக்க வேண்டாம், அது இரண்டாம் ரவுண்டு பாராட்டை வாங்கித் தரும், "நன்றி" என்று சொல்லிவிட்டு அவரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இன்று நடந்ததில் என்னால் ஆகியிருக்கவே முடியாதது என்ன என்று எழுதுங்கள், எழுத ஒன்றுமே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அப்புறம் அனுப்பப்பட்டவர்கள் சந்தோஷமாய்த் திரும்பி வந்து பிசாசுகளும் கீழ்ப்படிகிறது என்றபோது இயேசு சொன்ன பதிலை வாசியுங்கள், லூக்கா 10:20. சரியாக அந்த ராத்திரிக்காகவே எழுதப்பட்டது மாதிரி இருக்கும்.

ஒன்றுமே நடக்காத மாதங்கள்

வரும். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், விளையச்செய்தது தேவன். நட்டவர் தினமும் போய் மண்ணைக் கிளறி முளைத்ததா என்று பார்த்தால் முளைப்பதும் நின்றுவிடும். மாற்கு 4-ல் விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், விதை அவனுக்குத் தெரியாதவிதமாய் முளைக்கிறது.

சீனாவுக்கு மிஷனரியாகப் போன ஹட்சன் டெய்லர் 1854-ல் ஷாங்காயில் இறங்கினார், 1865-ல் மிஷன் தொடங்கினார். பதினைந்து வருட ஊழியத்துக்கு அப்புறம் 1869-லும் தன் தோல்விகளாலும் கவலைகளாலும் நொந்துபோயிருந்தார். திராட்சச்செடியோடு கொடி ஏற்கெனவே ஒன்றாய் இருக்கிறது, முயற்சி செய்து ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை என்கிற எளிய விஷயம், உடன் ஊழியர் ஒருவரின் கடிதத்தைப் படித்தபோதுதான் அவருக்குத் திறந்தது. யோவான் 15-ஐ அவர் அதுவரை வாசிக்காமலா இருந்திருப்பார்? ஆகவே இரண்டாம் வருடத்திலேயே உங்களுக்கு இது பிடிபடவில்லை என்று துவண்டுவிடாதீர்கள்.

டோனாவூரில் ஊழியம் செய்த ஆமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டபின் 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். ஓடியாடிச் செய்கிற வேலை எல்லாம் நின்றது, அந்த அறையிலிருந்து ஏராளமாக எழுதினார். சுகம் கிடைக்கவில்லை. பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் கிடைத்தது. சார்ந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களுக்கு விற்றால் வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட மாதங்களில் செய்ய வேண்டியது குறைவு. காலை வாசிப்பை விடாதீர்கள், ஒத்துக்கொண்ட சின்னக் கடமைகளைச் செய்யுங்கள், புதிதாக எதையும் தொடங்காதீர்கள், ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். யோசபாத்தின் ஜெபத்தை அப்படியே சொல்லலாம், "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." அதைவிட நீளமாக ஜெபிக்க வராத நாட்கள் எனக்கு இருந்திருக்கின்றன.

அந்த அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. நான் போய் அந்த அக்காவிடம், நான் பேசுறேன் என்று சொன்னேனே தவிர ஜெபிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இப்ப ஜெபிக்கலாம் தம்பி" என்றார். அவன் பெயர் இப்போது நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் உட்காருகிறோம், பெரும்பாலும் அவர்தான் முதலில் ஜெபிப்பார்.